பிள்ளை ஆரிட்ட?

வேலணையில் கோபிசங்கரின் வானில் சின்னப் பிள்ளையோடு ஏறினால், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த வான் நகராது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, கியரில் கை வைக்காமல் திரும்பிப் பார்த்து, பிள்ளை யார் கையில் என்று கேட்பான்: "பிள்ளை ஆரிட்ட?" யாராவது ஒருவர் "என்னட்ட" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. இரண்டு பேர் சேர்ந்து சொன்னாலும் சரிவராது. "ஒராள் சொல்லுங்கோ" என்பான். இறங்கும்போதும் அதே கேள்விதான். ஊர்ப் பெடியள் அவனுக்கு அதையே பட்டமாக வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் வந்து இருந்தால் "வடை ஆரிட்ட?" என்று ஒருவன் கேட்க மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கோபி சிரிப்பதில்லை. நடந்தது முழுக்கத் தெரிந்த எனக்கும் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான் அவனுடையது. நாற்பது தாண்டிவிட்டது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். மற்ற நேரம் வெளிநாட்டில் இருந்து வரும் சனத்துக்கு ஓடுவான். வெள்ளை ஹைஏஸ் வான், முன்கண்ணாடியில் நாகபூசணி அம்மன் படம். கண்ணாடியில் ஒரு காகம் எச்சம் போட்டால் காகத்தின் பரம்பரைக்கே பேச்சு விழும். என் மகளும் அந்த வானில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று பேர் இருக்கும் சீற்றில் ஐந்து பேர் இருப்பார்கள், சின்னதுகள் பெரியதுகளின் மடியில். பெல்ட் என்ற சாமானை நான் அந்த வானில் கண்டதே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"அண்ணை, என்ர வானில ஏறின ஒரு பிள்ளைக்கும் இண்டுவரைக்கும் ஒரு கீறல் விழேல்லை."

அது உண்மை. படிப்பு, காணி, வெளிநாட்டுக் காசு என்று மற்றவர்களுக்குப் பெருமைப்பட எத்தனையோ இருக்கிறது. கோபிக்கு இருந்தது இந்த ஒரு வசனம்தான். அதுதான் போன வருடம் கடல் நடுவில் வைத்து அவன் கையை விட்டுப் போகப் பார்த்தது.

காங்கேசன்துறைக்கு எப்போதாவது ஒரு உல்லாசக் கப்பல் வரும். காலையில் சனத்தை இறக்கி விட்டுப் பொழுதுபட முன்னர் ஏற்றிக்கொண்டு போய்விடும். கனடாவில் இருக்கும் வசீகரன் அந்தக் கப்பலில் வந்தான். அவன் வேலணையில் பிறந்தவன். மனைவி தனுசியா கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் தமிழ் வடிவாகக் கதைப்பாள். கனகாலம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து கிடைத்த பிள்ளை தேனுஜன். இன்னும் நடக்கப் பழகவில்லை. பிள்ளை கிடைத்தால் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதாக வசீகரனின் அக்கா கஜானி நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். அந்த ஒரு பகலுக்குள் நேர்த்தியை முடித்துவிட்டு அவர்கள் திரும்பக் கப்பல் ஏறவேண்டும். கஜானியும் அவர்களுடைய சின்னம்மா பரிமளமும் விடியவே கோபியின் வானில் புறப்பட்டுப் போய்த் துறைமுக வாசலில் நின்றார்கள்.

கஜானிக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியின் பிள்ளையைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள். அன்று அவள் பிள்ளைக்குக் குத்தக்கூடாதென்று ஊசி இல்லாமல் பருத்திச் சேலை உடுத்ததாகக் கோபி சொன்னான், பிள்ளையை மடியில் வைத்திருக்கப் போகிறேன் என்று.

வசீகரன் ஒரு பெரிய கதிரையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

"உதென்ன தம்பி, எங்கட வீட்டில இருக்கக் கதிரை இல்லை எண்டோ?" என்று கேட்டாள் பரிமளம்.

"பிள்ளையின்ர கார்க் கதிரை, சின்னம்மா. இவ இது இல்லாமல் ஒரு இடமும் வெளிக்கிடமாட்டா. கப்பல் நிண்ட இடமெல்லாம் இதைச் சுமந்தது நான்தான்."

தனுசியா வானுக்குள் ஏறி நடுச்சீற்றில் பெல்ட்டைத் தேடினாள். "இருக்கு தங்கச்சி, உள்ளுக்க எங்கயோ" என்று கோபி சீற் உறையைக் கிளப்பினான். பெல்ட்டோடு டொபித் தாள்கள், பென்சில் துண்டுகள், பிள்ளைகளின் காணாமற்போன தலைமயிர்ப் பட்டி எல்லாம் வந்தன. கோபிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனுசியா பெல்ட்டைத் துடைத்து, கதிரையைக் கட்டி, முழங்காலால் அமர்த்தி ஆட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பின்பக்கம் பார்க்கும்படி அதில் வைத்துப் பூட்டினாள்.

கஜானி கையை நீட்டியபடி நின்றாள்.

"மச்சாள், ஓடேக்க மடியில வைக்கக்கூடாது. இறங்கின பிறகு முழு நேரமும் நீங்கள் வைச்சிருங்கோ" என்றாள் தனுசியா. நல்ல மாதிரித்தான் சொன்னாள். ஆனால் கேட்கிறவளின் மனம் வேறு கணக்குப் போட்டது. என்னை நம்பவில்லை என்று கஜானி எடுத்துக்கொண்டாள். பின்சீற்றில் போய் இருந்தவள், பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, கடலுக்கு நடுவால் போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறும்வரை ஒரு சொல் பேசவில்லை. இடையில் பிள்ளை அழுதபோது பரிமளம்தான் எட்டிப் பார்த்து, "வெயிலும் படுது, கண்ணும் படும்" என்று தனுசியாவின் வெள்ளைச் சால்வையை எடுத்துக் கதிரைக்கு மேலால் போர்த்தினாள். அந்த நிழலில் பிள்ளை நித்திரையாகிவிட்டான்.

இங்கே நான் ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தீவுச் சனம் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் வளர்த்தது. நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நின்று பாருங்கள். தாய் முதலில் படகில் இறங்குவாள். பிள்ளை கரையில் நிற்கும் யாரோ ஒருவரின் கையில் இருந்து, படகு விளிம்பில் நிற்கும் இன்னொருவரின் கைக்குப் போய், உள்ளே மூன்றாவது ஆளிடம் சேரும். மூன்று பேரில் இரண்டு பேர் முன்பின் தெரியாதவர்கள். ஒரு பிள்ளையும் தண்ணீரில் விழுந்ததில்லை. தன் கையில் பிள்ளை இல்லையென்றால் வேறு நல்ல கையில் இருக்கும் என்பது எங்களுக்கு யோசிக்கவே தேவையில்லாத ஒரு விசயம். அந்த நம்பிக்கையில் எனக்கும் பெருமை இருந்தது.

குறிகட்டுவானுக்கு வான் போய்ச் சேர, படகு வெளிக்கிட நின்றது. "வாறாக்கள் கெதியா வாங்கோ" என்று படகுக்காரர் கூப்பிட்டார். எல்லோருக்கும் அந்தரம். தனுசியா முதலில் இறங்கினாள். மச்சாள் கோபித்திருப்பது அவளுக்கு வழி முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "வசி, பிள்ளையைக் கழட்டி மச்சாளிட்டக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படகடிக்குப் போனாள். வசீகரன் "ஓம்" என்றான். கஜானியும் அதைக் கேட்டாள். தம்பி கொண்டுவந்து தரட்டும் என்று அர்ச்சனைக் கூடையோடு முன்னால் நடந்தாள். பரிமளம் அம்மனுக்கான பட்டுச்சேலையில் உப்புத் தண்ணீர் தெறிக்கும் என்று அதைப் பிள்ளையின் மஞ்சள் துவாயால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வசீகரன் மறுபக்கத்தால் சுற்றி வந்தபோது கண்டது அந்த மஞ்சள் துவாயைத்தான். சின்னம்மா தூக்கிவிட்டா என்று நினைத்தான். அந்தப் பூட்டைச் சின்னம்மாவால் கழற்ற ஏலுமா என்று நினைக்கவில்லை. பாவி, அவன்தான் அதைத் தினமும் கழற்றுகிறவன்.

கோபி வழக்கத்தில் குறிகட்டுவானில் வானைப் பூட்டுவதில்லை. எல்லாக் கதவையும் அகலத் திறந்துவிட்டு, காற்றுப்பட நடுச்சீற்றிலேயே நீட்டி நிமிர்ந்து படுப்பான். அன்றும் அப்படிப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வசீகரன், "அண்ணை, பாஸ்போட் எல்லாம் உள்ளுக்க கிடக்கு. கண்ணாடியெல்லாம் ஏத்திப் பூட்டிப்போட்டு நீங்களும் வாங்கோ, கும்பிட்டிட்டு வருவம்" என்றான். கோபிக்கும் அம்மனைப் பார்த்துக் கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. வானைக் கொஞ்சம் தள்ளி நிழல் இல்லாத வெட்டையில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். உள்ளே வெள்ளைச் சால்வை மூடிய ஒரு சாமானைக் கண்டதாக அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. பயணப்பை என்று நினைத்தானாம். வானைப் பூட்டிய திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்து படகில் ஏறினான்.

படகில் பெண்கள் கீழே, ஆண்கள் மேல்தட்டில். அவ்வளவு பெரிய கப்பலில் ஒன்றும் செய்யாத தனுசியாவுக்கு, இந்தச் சின்னப் படகின் டீசல் மணம் ஏறின உடனேயே வயிற்றைப் பிரட்டியது. ஒரு மூலையில் தலையைக் குனிந்து கண்ணை மூடியபடி இருந்தாள். பிள்ளை மச்சாளின் மடியில் சந்தோசமாக இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். கஜானி மற்ற அந்தத்தில் இருந்தாள். கடைசியில் தகப்பனே பிள்ளையை மேலே வைத்திருக்கிறான், எனக்குத் தரவில்லை என்பது அவள் எண்ணம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோசம் விடவில்லை.

மேல்தட்டில் வசீகரன் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கோபி பக்கத்தில் போய், சும்மா பேச்சுக்குக் கேட்டான்.

"பிள்ளை ஆரிட்ட?"

"கீழ, சின்னம்மாவிட்ட."

வெயில் சுட்டதால் கோபி நிழலுக்குக் கீழே இறங்கினான். பரிமளம் துவாயை அவிழ்த்துப் பட்டில் ஈரம் பட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கஜானியின் மடியில் கூடை. தனுசியாவின் மடியில் ஒன்றும் இல்லை. கோபி மூன்று மடிகளையும் பார்த்தான். திரும்ப ஒருமுறை பார்த்தான்.

"பிள்ளை ஆரிட்ட?" என்று கேட்டான்.

பரிமளம் கஜானியைப் பார்த்தாள். கஜானி மேலே கையைக் காட்டினாள். தனுசியா கண்ணைத் திறந்து கஜானியின் மடியைப் பார்த்தாள்.

"மச்சாள், உங்களிட்டத் தரேல்லையே?"

"எனக்கு ஆரும் தரேல்லை" என்றாள் கஜானி.

ஒருத்தரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம் என்று கோபி சொன்னான். தனுசியா எழும்பினாள், எழும்பியபடியே நின்றாள். கோபியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. திறப்பு அங்கே இருந்தது. ஒரேயொரு திறப்பு. சுற்றிவரக் கடல்.

கோபி மேலே ஏறி, படகுக்காரரிடம் "திருப்புங்கோ" என்றான். பூசைக்கு நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வானுக்குள்ள பிள்ளையை வைச்சுப் பூட்டிப்போட்டன்" என்று கோபி சொன்னதும் முணுமுணுத்தவரே ஓடிப்போய்ப் படகுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். படகு திரும்பியது. வசீகரன் கையில் இருந்த போனோடு அப்படியே தட்டில் இருந்துவிட்டான்.

இறங்குதுறையில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் அம்பலவாணரின் நம்பர் கோபியிடம் இருந்தது.

"ஐயா, என்ர வான் கண்ணாடியை உடையுங்கோ."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"உள்ளுக்க பிள்ளை. சின்னப் பிள்ளை. உடையுங்கோ ஐயா."

அம்பலவாணர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கோபிக்கு அவருடைய மூச்சு வாங்குவது கேட்டது. ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. கல்லால் அடிக்கும் சத்தம், ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு கண்ணாடி உடைந்து கொட்டும் சத்தம். ஒரு காகம் எச்சம் போட்டதற்கே நாள் முழுக்கப் பேசுகிறவன் அந்தச் சத்தத்துக்காகக் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். கதவு இழுபட்டது. "கடவுளே, என்ன சூடு" என்று யாரோ சொன்னார்கள். பிறகு அம்பலவாணரின் குரல் கிட்டத்தில் வந்தது.

"கோபி, பிள்ளை அசையுதில்லை."

அத்தோடு லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தான், எடுபடவில்லை.

தனுசியா அவனுக்கு முன்னால் நின்றாள். "என்னவாம் அண்ணை?"

"எடுத்திட்டினம் தங்கச்சி" என்றான் கோபி.

மிச்சத்தை அவனால் சொல்ல முடியவில்லை. கரை தெரிகிறது, வரவில்லை. அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் தான் செத்துச் செத்துப் பிழைத்ததாகக் கோபி என்னிடம் சொன்னான். இதைச் சொல்லும்போது வேலி மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு குடும்பமே பாசத்தோடு கூடிப் போய், ஒரு பிள்ளையை நெருப்புக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் குடித்திருக்கவில்லை. எப்படி நடக்கும் என்று கேட்டால், இப்படித்தான் நடக்கும்.

படகு கரையைத் தொட முதலே அழுகைச் சத்தம் கேட்டது. அம்பலவாணர் தன் கடையின் நிழலில் பிள்ளையை நனைத்த சாரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் கரண்டியால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். தேனுஜனின் முகம் செக்கச் சிவந்து, தலைமயிர் ஒட்டி, குரல் கீச்சிட்டுப்போய் இருந்தது. ஆனால் அழுதான். தனுசியா அவனைப் பறித்து நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். வசீகரன் பக்கத்தில் வந்து கையை நீட்டினான், பிறகு தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா" என்று பரிமளம் கடலைப் பார்த்துக் கும்பிட்டாள். நின்ற சனமும் அதையே சொன்னது. அம்மனை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் நாங்கள் பூட்டி வைப்பதும், அவள் வந்து திறப்பதும் என்று எத்தனை நாளைக்கு? அன்று திறந்தது அம்பலவாணரின் கல்.

ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும் என்று எல்லோரும் வானில் ஏறினார்கள். தனுசியா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கி மடியில் வைத்திருந்தாள். அந்தக் கதிரையை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஓடு தம்பி, ஓடு" என்றாள் பரிமளம்.

கோபி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். கியரில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"தங்கச்சி, பிள்ளையைக் கதிரையில வையுங்கோ."

"இந்தக் கதிரையில இனிமேல் என்ர பிள்ளையை வைக்கமாட்டன்" என்றாள் தனுசியா.

"உனக்கென்ன மூளை பிசகிப்போச்சோ? பிள்ளை தாயின்ர மடியில கிடக்கட்டும். நீ ஓடு" என்று பரிமளம் சத்தம் போட்டாள்.

கோபி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் இருந்து தூக்கிக் காட்டினான். விரல்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.

"பாருங்கோ. நிப்பாட்ட ஏலாமல் இருக்கு. வேற ட்ரைவரைத் தேட நேரமில்லை, நான்தான் ஓடவேணும். தாம்போதியில என்ன செய்வனோ எனக்கே தெரியாது. இண்டைக்கு என்னை நம்பாதேங்கோ. பிள்ளையைக் கட்டுங்கோ, நான் ஓடுறன்."

ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிசன், தன்னை நம்பாதே என்று கையைக் காட்டினான். பிறகு கஜானி பின்சீற்றில் இருந்து எழும்பி வந்தாள். கதிரையைத் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சுட்டது. மஞ்சள் துவாயில் இருந்த பட்டுச்சேலையை இழுத்து ஒரு பக்கம் எறிந்துவிட்டு, துவாயைத் தண்ணீரில் நனைத்து வந்து கதிரையில் விரித்தாள்.

"வையும் தனு. எப்பிடிப் பூட்டுறது எண்டு எனக்குக் காட்டும். கழட்டுறதையும் காட்டும்" என்றாள்.

தனுசியா காட்டினாள். சிவப்புப் பொத்தானை அமர்த்தக் கஜானியின் பெருவிரலுக்குப் பலம் காணவில்லை. இரண்டு பெருவிரலாலும் அமர்த்திக் கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். அதன்பிறகுதான் கோபி வானை எடுத்தான். உடைந்த கண்ணாடி வழியாகக் காற்று வீசியது. தனுசியா ஒரு பக்கம், கஜானி மறுபக்கம். கஜானி பிள்ளையின் ஒரு காலைப் பிடித்தபடியே வந்தாள்.

தாம்போதியின் நடுவில் எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்குக் கோபி பிந்தித்தான் பிரேக் அடித்தான். கூடை பறந்து முன்னால் வந்து தேங்காய் டாஷ்போட்டில் மோதியது. முன்சீற்றில் இருந்த வசீகரனின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. பிள்ளை கதிரையில் இருந்தபடி அழுதுகொண்டிருந்தான், அவ்வளவுதான். எல்லோரும் அந்தத் தேங்காயைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றி, பின்னேரம்வரை வைத்துப் பார்த்து, இனிப் பயமில்லை என்று விட்டார்கள். கப்பலிலும் டொக்டர் இருக்கிறார், காட்டுங்கள் என்று துண்டும் எழுதிக் கொடுத்தார்கள். நேர்த்தி அந்தமுறை நிறைவேறவில்லை. பட்டு பரிமளத்தின் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது.

துறைமுக வாசலில் இருட்டு விழ முன்னர் போய்ச் சேர்ந்தார்கள். கஜானிதான் பூட்டைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கினாள். அன்று முழுக்க அப்போதுதான் அவள் கையில் பிள்ளை. கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தனுசியாவிடம் கொடுத்தாள். வசீகரன் கதிரையைத் தோளில் வைத்தான். மூவரும் வாசலைக் கடந்து சனத்தோடு சனமாக நடந்தார்கள். கோபி உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தான். முதுகுகள்தான் தெரிந்தன, பிள்ளை தெரியவில்லை. காவலாளி தடுக்கத் தடுக்க வாசல்வரை ஓடிப்போய்ச் சத்தமாகக் கேட்டான்.

"தங்கச்சி, பிள்ளை ஆரிட்ட?"

சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தனுசியா சிரிக்கவில்லை. நின்று, திரும்பி, பிள்ளையை அவன் காணும்படி இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"என்னட்ட அண்ணை" என்றாள்.